சமர்த்து கற்றுக்கொண்ட பாடம்

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றபோது கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது. லிஃப்டில் வந்தவனுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்? தரைத்தளத்திலிருந்து அவன் வாயை மூடவில்லை, அதனால்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் அண்ணி. கம்ப்யூட்டர் தானா யோசிக்குது, தானா வாங்குது, தானா விக்குது, தானா நஷ்டப்படுது. இதுல மனுஷன் எதுக்கு?"

"பழி போடறதுக்கு," என்றாள் அண்ணி.

அண்ணி இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவள். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் தொழிலில் இறங்கினாள். கொழுந்தன் அவள் கணவரின் தம்பி. தண்ணீர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தான். வாய் இருந்ததால் விற்றான், அதே வாயால் மேனேஜரிடம் பேசி வேலையை விட்டான். "சும்மாதானே இருக்கான், கூட்டிட்டுப் போயேன்" என்று கணவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக அண்ணி அவனை நாலு வருஷமாகச் சகித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். அறையில் மூன்று திரைகள், ஒரு கண்ணாடி மேஜை, தூசி படிந்த ஒரு பிளாஸ்டிக் செடி. போன் அவர் கையை விட்டு இறங்கவே இல்லை. வணக்கம் சொன்னபோதுகூட அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்.

"உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி தெளிவான கேஸ் மேடம்," என்றார்.

"நெல்லிக்கனி உங்க கையிலயே இருக்கும்போது எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்று கேட்டான் கொழுந்தன்.

"போலீஸ்ல குடுக்க வெளியாள் ரிப்போர்ட் ஒண்ணு வேணும். அதுக்குத்தான்."

விஷயம் இதுதான். அந்த ஆபீசில் மூன்று புரோகிராம்கள் கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்றன. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் என்ன கற்றோம் என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும். அடுத்த முறை அதைப் படித்துவிட்டு இறங்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பட்டுத் தெரிந்துகொள்ளும். ஆபீஸ்காரர்கள் அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். எதையும் வாங்க நடுங்குவது பயந்தாங்கொள்ளி. வாங்கியதை விற்க மறப்பது தூங்குமூஞ்சி. மூன்றாவது முதலாளியின் செல்லம். அதற்குப் பெயர் சமர்த்து.

அந்தச் சமர்த்துதான் இரண்டு மாதத்தில் பேர் தெரியாத குப்பை நாணயங்களாக வாங்கிக் குவித்து, முதலாளியின் மாமனார் போட்ட மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கரைத்திருந்தது. பெரிய வியாபாரம் என்றால் அது முதலாளியின் போனுக்கு அனுமதி கேட்டுச் சீட்டு அனுப்பும். அவர் சரி என்று அமுக்கினால்தான் வாங்கும். முப்பத்தேழு குப்பைக்கும் அந்தப் போனிலிருந்து சரி போயிருந்தது.

"நான் ஒண்ணுக்குக்கூட சரி சொல்லலை," என்றார் முதலாளி. "போன் என் கையை விட்டுப் போகலை. அப்ப யாரு சொன்னது? அந்தச் சீட்டு விவகாரத்தைச் செஞ்சு குடுத்தவ எங்க இன்ஜினியர் பொண்ணு. இருந்த இடத்துலேர்ந்தே என் பேர்ல சரி போட அவளுக்குத் தெரியும். நடுவுல எட்டு நாள் அவ லீவு. அந்த எட்டு நாளும் சமர்த்து ஒண்ணும் வாங்காம பெட்டிப் பாம்பா இருந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒப்புக்கிட்டாங்களா?"

"ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா வேலையோட போச்சு. இல்லைன்னா போலீஸ்."

கொழுந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டரை.

இன்ஜினியர் பெண் பக்கத்து அறையில் ஒரு தாளுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. தாளில் நாலே வரி. முதலாளியின் அனுமதியை நான் போலியாகப் பயன்படுத்தினேன் என்று ஆரம்பித்தது.

"இதுல சைன் பண்ணா இந்தத் தொழில்ல எந்த ஆபீசும் என்னை உள்ள விடாது. பண்ணலைன்னா ஸ்டேஷன். எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலை," என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காமல் இருக்க அவள் படும் பாடு கொழுந்தனுக்குத் தெரிந்தது. இந்தப் பெண் குற்றவாளியாக இருக்கக் கூடாதே என்று அப்போதே அவன் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. துப்பறிகிறவனுக்கு அது ஆகாது என்று அண்ணி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சமர்த்து சரியா பண்ணிச்சு, தப்பா பண்ணிச்சுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மார்க் மேடம். லாபம் வந்தா மார்க். சார் சரின்னு சொன்னாலும் மார்க்."

"அவர் சொன்னா எதுக்கு மார்க்?"

"சார்தான் வைக்கச் சொன்னாரு. எனக்குப் பதினஞ்சு வருஷ அனுபவம், நான் சரின்னு சொன்னா அது நல்ல யோசனையாத்தான் இருக்கும், அதுக்குத் தனியா மார்க் குடுன்னாரு. நான் வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்."

"மூணாவது தடவை சொல்லியிருந்தா உங்களுக்கு மார்க் போயிருக்கும்," என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. "அந்தச் சீட்டு எப்படி இருக்கும்? காட்டு."

பெண் தன் போனில் மாதிரி ஒன்றைக் காட்டினாள். திரையின் நடுவில் மஞ்சளாக ஒரு சீட்டு வந்து நின்றது. அடியில் பச்சையில் 'சரி', சிவப்பில் 'வேண்டாம்'. அண்ணி பச்சையைத் தொட்டாள். சீட்டு போயே போய்விட்டது. இன்னொன்றை வரவழைத்துச் சிவப்பைத் தொட்டாள். ஒரு கட்டம் திறந்து, காரணத்தைக் குறைந்தது பத்து வார்த்தையில் எழுதச் சொன்னது.

"வேண்டாம்னா காரணம் எழுதணுமா?"

"ஆமா மேடம். ஏன் வேண்டாம்னு தெரிஞ்சாத்தானே அது கத்துக்கும்? எழுதி முடிக்கிற வரைக்கும் சீட்டு நகராது."

"சரின்னா?"

"சரின்னா எதுக்குக் காரணம்? அதான் சரின்னுட்டாரே."

அண்ணி தன் கைப்பையிலிருந்து கிழித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு சமர்த்து அனுப்பியதில் சரி போன முப்பத்தேழு சீட்டுகளையும் கேட்டாள். பெண் மடிக்கணினியைத் திருப்பினாள்.

முதல் சீட்டு ஒரு பக்கக் கட்டுரை. இந்த நாணயத்தை ஏன் வாங்க வேண்டும், என்ன ஆபத்து, எப்போது விற்பது என்று எல்லாம் இருந்தது. பத்தாவது சீட்டு ஒரு பத்தியாகச் சுருங்கியிருந்தது. இருபதாவது இரண்டு வரி. முப்பத்தேழாவதில் ஒரே ஒரு வார்த்தை.

'வாங்கவா?'

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. "இது சொந்தக்காரங்க பேசற மாதிரியில்ல இருக்கு அண்ணி. அந்தப் பக்கம் சரி போடறவங்க நம்ம ஆளுன்னு தெரிஞ்சாத்தான் இந்த தைரியம் வரும்," என்று அவள் காதோரம் முணுமுணுத்தான். சொன்னபிறகு அந்தப் பெண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"சீட்டு வந்த நேரத்தைப் பாரு," என்றாள் அண்ணி.

பார்த்தான். ஒன்று நாற்பத்து மூன்று. ஒன்று நாற்பத்தாறு. ஒன்று ஐம்பது. முப்பத்தேழும் மத்தியானம் ஒன்றே முக்காலை ஒட்டியே வந்திருந்தன.

"கிரிப்டோ சந்தை எத்தனை மணிக்கும்மா மூடுவாங்க?"

"மூடவே மாட்டாங்க மேடம். ராப்பகலா நடக்கும்."

"அப்ப இருபத்துநாலு மணி நேரத்தை விட்டுட்டு எதுக்கு அந்த ஒரு கால்மணி நேரம்?"

"எனக்கும் புரியலை. அந்த நேரத்துல விலை ஏதோ அசையுது போலன்னு நெனச்சோம். சமர்த்தே குறிப்புல எழுதியிருக்கு, பாருங்க."

குறிப்பு சுருக்கமாக இருந்தது. 'காலை பத்து மணிக்குக் கேட்டது வீண். 1:45க்குக் கேட்டது பலித்தது. இனி 1:45.'

"திருட்டுக்கும் ஆபீஸ் டைம் வெச்சிருக்காங்க," என்றான் கொழுந்தன்.

"சமர்த்து இப்ப ஓடுதா?"

"நேத்தே நிறுத்திட்டோம்."

"ஓட விடு. கேக்கறதைக் கேக்கட்டும், வாங்க மட்டும் முடியாதபடி வை. முடியுமா?"

"முடியும்." அவள் நாலு தட்டுத் தட்டினாள். முதல்முறையாக அவள் கண்ணில் ஏதோ உயிர் வந்தது. வேலை தெரிந்தவளுக்கு வேலை கொடுத்தால் வரும் உயிர் அது.

அண்ணி நேராக வரவேற்பறைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பேச ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தாள்.

"ஒன்றரைக்கு மேல சாரைப் பார்க்க முடியுமாம்மா?"

"ஐயையோ, ரெண்டு மணி வரைக்கும் யாரையும் உள்ள விடக் கூடாது மேடம். கதவைச் சாத்திக்குவாரு."

"தூக்கமா?" என்றான் கொழுந்தன்.

"மாமனார் போன். தெனமும் வீடியோல வருவாரு. சாப்பிட்டுப் படுக்கப் போறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கணுமாம். ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டாராம்."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். "இன்ஜினியர் பொண்ணு எட்டு நாள் லீவு போட்டாளாமே?"

"அவ மட்டுமா? நான், அக்கவுண்டன்ட், எல்லாருமே போட்டோம். சார் குடும்பத்தோட மாமனார் வீட்டுக்குப் போயிருந்தாரு. முதலாளி இல்லாத ஆபீஸ்ல யாராவது வந்து உக்காருவாங்களா?"

கொழுந்தன் நடந்துகொண்டே யோசித்தான். எட்டு நாள் அவள் இல்லை. எட்டு நாள் முதலாளியும் இல்லை. எட்டு நாள் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் வீடியோ போடுவார்கள்?

"அண்ணி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதை?"

"இதுவரைக்கும் சொன்ன எல்லாத்தையும்."

"அப்ப ஒரு வேலை செய். உள்ள போனதும் அவர் நாற்காலிக்குப் பின்னால போய் நில்லு. ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கற மாதிரி. வாயைத் திறக்காதே."

இரண்டாவது வேலைதான் கஷ்டம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒன்று முப்பத்தைந்துக்கு அண்ணி முதலாளியின் கதவைத் தட்டினாள். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மாமனார் போன் வரும் நேரம் என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் எல்லோரையும் உள்ளே அழைத்தார். இன்ஜினியர் பெண் தாளோடும் பேனாவோடும் வந்தாள். மடிக்கணினியைக் கொழுந்தன் தூக்கிவந்து, எல்லோருக்கும் தெரியும்படி கண்ணாடி மேஜையில் வைத்தான். பிறகு ஜன்னலோரம் நகர்ந்தான்.

"கண்டுபிடிச்சுட்டாங்க பார்த்தியா?" என்றார் முதலாளி அந்தப் பெண்ணிடம். "இனிமே எதுக்கு இழுக்கறே? போட்டுடு."

பெண் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணால் பேனாவைக் காட்டினாள். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. பேனாவின் மூடியைக் கழற்றினாள். கொழுந்தனுக்கு அண்ணி மேல் கோபம் கோபமாக வந்தது.

போன் அடித்தது.

முதலாளி ஒரு விரலை உயர்த்தி எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் ஒரு பெரிய நெற்றியும் பாதிக் கண்ணாடியும் தெரிந்தன.

"சொல்லுங்க மாமா. சாப்டீங்களா?"

"ஆச்சு மாப்பிள்ளை. முழங்கால்தான் ராத்திரியெல்லாம்..."

"சரிங்க மாமா."

"டாக்டர் மாத்திரையை மாத்திப் பார்க்கலாம்னாரு."

"சரிங்க மாமா."

நாற்காலிக்குப் பின்னால் நின்ற கொழுந்தன் அதைப் பார்த்தான். மாமனாரின் மூக்குக்கு மேல் மஞ்சளாக ஒரு சீட்டு வந்து விழுந்தது. முகம் மறைந்தது. முதலாளியின் கட்டைவிரல், கொசுவை விரட்டுகிற அலட்சியத்தில், பச்சையைத் தொட்டது. சீட்டு போயிற்று, மூக்கு திரும்ப வந்தது. முதலாளியின் புன்னகை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மேஜையில் இருந்த மடிக்கணினி டிங் என்றது.

அண்ணி எழுந்து அதன் திரையைக் காட்டினாள். சமர்த்து அனுமதி கேட்டது. அனுமதி கிடைத்தது. மணி 1:44.

"இப்ப என்ன சார் அமுக்கினீங்க?" என்று கேட்டாள்.

முதலாளி போனைத் தாழ்த்தினார். "நானா? ஒண்ணும் அமுக்கலையே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொழுந்தனைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்வதுபோல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அமுக்கினீங்க சார். நான் பார்த்தேன்," என்றான்.

"இந்தப் பொண்ணு கையில பேனா இருக்கு. உங்க கையில போன் இருக்கு," என்றாள் அண்ணி. "வேண்டாம்னா பத்து வார்த்தை எழுதணும். மாமனார் எதிர்ல இருக்கும்போது எழுத முடியுமா? சரின்னா ஒரு தட்டு. அவர் முகத்தை மறைக்குதேன்னு ரெண்டு மாசமா தட்டிட்டே இருந்திருக்கீங்க."

"அது எப்படி... சமர்த்து சந்தையைத்தானே படிக்குது?"

"சந்தையையும் படிச்சுப் பார்த்திருக்கும். அது கஷ்டம். நீங்க சரின்னாலும் மார்க் உண்டுன்னு வெச்சீங்க. உங்களைப் படிக்கிறது சுலபமா இருந்திருக்கு. அனுபவத்துல கத்துக்கோன்னு விட்டீங்க, கத்துக்கிச்சு."

முதலாளி வாயைத் திறந்தார். ஆனால் குரல் வந்தது போனிலிருந்து.

"மாப்பிள்ளை, யாரு அங்க பேசறது?"

அணைக்க மறந்திருந்தார். அண்ணி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். யார், என்ன என்று நாலு வாக்கியத்தில் மாமனாருக்குச் சொன்னாள். நஷ்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டைப் பற்றிச் சொன்னபோதுதான் நெற்றி சுருங்கியது.

"அப்ப நான் பேசறப்ப அவர் வேற எதையோ தள்ளிவிட்டுட்டு இருந்தாராம்மா?"

"ஆமாங்க."

"போனை அவர்கிட்ட குடுங்க." முதலாளி இரண்டு கையாலும் வாங்கினார். "மாப்பிள்ளை, போன செவ்வாக்கிழமை நான் உங்களை ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்?"

"கண் ஆபரேஷன் விஷயமா..."

"அது போன வருஷம்."

முதலாளி பிளாஸ்டிக் செடியைப் பார்த்தார். அது உதவவில்லை.

"வீட்டைக் காலி பண்ணிட்டு உங்ககூடவே வந்து இருந்துடட்டுமான்னு கேட்டேன். சரிங்க மாமான்னீங்க. உங்க அத்தை போனதுக்கப்புறம் என்னைத் தெனமும் ஒரு வார்த்தை கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சுட்டிருந்தேன்." கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "கட்டில், பீரோ எல்லாம் ஏத்தியாச்சு. லாரி காலையிலயே கிளம்பிடுச்சு மாப்பிள்ளை."

கொழுந்தனுக்கு நாக்கு நுனியில் நல்ல ஜோக் ஒன்று வந்து நின்றது. அந்தக் கிழவரின் பாதிக் கண்ணாடியைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான். நாலு வருஷத்தில் அவன் விழுங்கிய முதல் ஜோக் அதுதான்.

"லாரி வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார் மாமனார். "முதல்ல அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதிக் குடுக்கணுமோ எழுதிக் குடுங்க. நான் பார்த்துட்டுத்தான் வைப்பேன்."

அண்ணி கண்ணைக் காட்ட, ஆபீஸ் தாள் ஒன்றை எடுத்துக் கொழுந்தனே எழுதினான். வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் எழுதினான். இந்த நஷ்டத்துக்கும் இன்ஜினியருக்கும் சம்பந்தமில்லை. முப்பத்தேழு அனுமதியும் நான் பார்க்காமல் கொடுத்தவை. அவர்மேல் சொன்ன பழி பொய். முதலாளி முன்னால் நகர்த்தினான். அவர் மனசு லாரியோடு வந்துகொண்டிருந்தது. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, தாளின் அடிக்குப் போய்விட்டார்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்," என்றாள் பெண்.

பேனா நின்றது.

"வாய்விட்டுப் படிங்க. எனக்குக் கேக்கணும்," என்றாள் மறுபடியும்.

முதலாளி படித்தார். முதல் வரியை விறுவிறுவென்று, இரண்டாவதை மெதுவாக. 'பழி பொய்' என்ற இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அதுவரை நின்றுகொண்டே இருந்த பெண் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறைக்கவில்லை. கையெழுத்தையும் தேதியையும் பார்த்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போனில் மாமனார் தலையசைப்பது தெரிந்தது.

"நடந்தது நடந்து போச்சு," என்றார் முதலாளி, பழைய குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "நாளையிலேர்ந்து அந்தப் பச்சைப் பொத்தானை எப்படிச் சரி பண்றதுன்னு நீ பாரும்மா. உன்னை விட்டா இங்க யாருக்கும் அது தெரியாது."

அவள் காலையிலிருந்து தன் முன்னால் கிடந்த நாலு வரித் தாளை எடுத்தாள். முன்பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். திருப்பிப் போட்டு, பின்பக்கம் இரண்டு வரி எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள். தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை முதலாளி யாரும் சொல்லாமலே முழுசாகப் படித்தார். மூன்று முறை.